11.2 ஹேண்ட் மட்டக்குதிரை: 41 கிலோ பிள்ளை ஏறலாமா?

தெஹிவளை அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சானுக்குப் பாதுக்கைப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது. அண்மையில் நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்திருக்கிறார். பெட்டைக் குதிரை, ஒன்பது வயது என்று விற்றவர் சொன்னாராம். உயரம் 11.2 ஹேண்ட் (ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம்; 11 ஹேண்டும் 2 அங்குலமும்), அதாவது ஏறக்குறைய 117 சென்டிமீட்டர். சாதுவானது. பிள்ளைகளின் கையிலிருந்து புல் வாங்கித் தின்னும்.

வார விடுமுறைக்கு நாங்கள் அங்கே போவோம். மகளுக்கு 12 வயது, 41 கிலோ. மகனுக்கு 8 வயது, 24 கிலோ. இருவருக்கும் ஏற ஆசை. மச்சான் 78 கிலோ. "நான் ஏறிப் பழக்கினால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லி அவரும் ஏறுகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எதை வைத்து வேண்டாம் என்று சொல்வது? தேடினால் ஓரிடத்தில் பத்து சதவீதம், ஓரிடத்தில் இருபது, இன்னோரிடத்தில் முப்பது என்று போட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்

பொதுவாகச் சொல்லும் கணக்கு 20 சதவீதம். அந்த உயரத்துக் குதிரை 250 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ வரை ஏற்றலாம். மகளுக்கும் மகனுக்கும் பிரச்சினை இல்லை. மச்சான் ஏறக் கூடாது.

மிருக வைத்தியர், நுகேகொட

250 கிலோ என்று ஊகித்துக்கொண்டு பிள்ளையை ஏற்றாதீர்கள். அதே உயரத்தில் 180 கிலோ மட்டக்குதிரையும் உண்டு, 240 கிலோவும் உண்டு. நுவரெலியாவிலிருந்து வரும் மட்டக்குதிரைகள் பெரும்பாலும் ஒடுங்கிய உடம்பு. முதலில் அளந்து பாருங்கள்.

தையல் நாடா போதும். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டைச் சுற்றி நெஞ்சளவை எடுங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு எடுக்க வேண்டும். அடுத்து நீளம்: தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் எடை வரும். தராசு அளவுக்குத் துல்லியம் இல்லாவிட்டாலும் கண்மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

20 சதவீதம் என்பது ஆளின் எடை மட்டும் இல்லை. சேணம், சேணத்துக்கு அடியில் போடும் துணி, அங்கவடி, தலைக்கவசம், சப்பாத்து எல்லாம் சேர்த்துத்தான் 20. சின்னச் சேணம் என்றாலும் இவை எல்லாம் சேர்ந்து ஏழு எட்டுக் கிலோ வந்துவிடும். பெரிய குதிரைக்கு எட்டுக் கிலோ பெரிதாகத் தெரியாது. 200 கிலோ மட்டக்குதிரைக்கு அதுவே 4 சதவீதம்.

இந்த எண்ணுக்கு ஆதாரமாக அதிகம் காட்டப்படுவது 2008இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. எட்டுக் குதிரைகளை அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமையோடு ஓட வைத்தார்கள். 25இலும் 30இலும் இதயத்துடிப்பு கூடியது, தசை வலியும் தசைச் சேதத்தின் அறிகுறிகளும் கூடின. 15க்கும் 20க்கும் அந்த அளவு வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் கண்டார்கள்: இடுப்பு அகலமாகவும் முன்னங்காலின் கீழ் எலும்பு பருமனாகவும் இருந்த குதிரைகளுக்கு வலி குறைவு. ஆகவே 20 என்பது உரிமை இல்லை. நல்ல உடம்பு உள்ள, பழக்கப்பட்ட குதிரைக்கான மேல் எல்லை அது. சாதாரண நாளில் அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

நெடுந்தீவான், வெள்ளவத்தை

மன்னிக்கவும், எனக்கு இந்தச் சதவீதக் கணக்கில் முழு நம்பிக்கை இல்லை. எங்கள் நெடுந்தீவில் நிற்பவையும் சிறிய குதிரைகள்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரை வளர்த்தார். லாயத்தின் கல் தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. அந்த வெயிலில், அந்த உவர் மண்ணில், தண்ணீர் இல்லாத காலத்திலும் தாக்குப்பிடிக்கிற இனம். இப்படிப்பட்ட கட்டைக் குதிரை வளர்ந்த ஆளைச் சுமக்காதா? ஐஸ்லாந்தில் இதைவிடக் கொஞ்சம்தான் பெரிய குதிரையில் முழு ஆம்பிளைகள் போகிறார்கள்.

மிருக வைத்தியர், நுகேகொட

அண்ணா, நல்ல கேள்வி. சுமக்குமா என்றால் சுமக்கும். குதிரை வலியை மறைக்கிற மிருகம். காட்டில் நொண்டுகிறதைப் புலி ஓநாய் முதலில் பிடிக்கும், ஆகவே விழும்வரை நடக்கும். நாம் கேட்க வேண்டியது, எவ்வளவு ஏற்றினால் அதற்கு நோகாது என்பதை.

ஐஸ்லாந்துக் குதிரை 13, 14 ஹேண்ட் உயரம், 330 முதல் 380 கிலோ வரை எடை. நம்முடைய பெட்டையின் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். அந்த இனத்தையும் சோதித்திருக்கிறார்கள். எட்டுக் குதிரைகளில் 20 முதல் 35 சதவீதம் வரை ஏற்றி, அவற்றுக்கே உரிய டோல்ட் நடையில் ஓட்டி இரத்தத்தைப் பார்த்தார்கள். சுமை கூடக் கூட இதயத்துடிப்பும், தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் கூடின. தசை மூச்சு வாங்காமல் வேலை செய்கிற எல்லையை அவை சராசரியாகத் தாண்டியது ஏறக்குறைய 23 சதவீதத்தில். உலகத்திலேயே பாரம் சுமப்பதற்குப் பேர் போன சின்னக் குதிரைக்கே இதுதான் நிலை.

நெடுந்தீவுக் குதிரையைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதில் பட்டது. வறட்சியில் உயிர் தாங்குவது ஒரு திறமை, முதுகில் பாரம் தாங்குவது வேறு. அந்தக் குதிரைகள் தாகத்தில் விழுந்து சாகிற செய்தியையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். தாங்கும் தாங்கும் என்று சொல்லியே அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் கவலை.

நெடுந்தீவான், வெள்ளவத்தை

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. 2015இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் கோடை வந்தால் தண்ணீர்ப் பிரச்சினை அப்படியேதான். ஆனால் ஒரு சந்தேகம். சின்ன மிருகம் தன் எடைக்குக் கூடுதலாகச் சுமக்கும் என்று படித்திருக்கிறேன். அது பொய்யா?

மிருக வைத்தியர், நுகேகொட

பொய் இல்லை. உடம்பு பெருக்கும்போது எடை கூடுகிற அளவுக்கு எலும்பின் பருமன் கூடுவதில்லை. அதனால் கட்டையான மட்டக்குதிரை, உயரமான பந்தயக் குதிரையைவிட விகிதத்தில் சற்றுக் கூடச் சுமக்கும். ஜப்பானில் உள்ளூர்ச் சிறு குதிரைகளின் நடை ஒழுங்கை அளந்து 29 சதவீதம் வரை சரி என்று ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் அது நடை எப்போது குலைகிறது என்பதை மட்டும் அளந்தது. அடுத்த நாள் முதுகு நோகிறதா, பல வருடம் கழித்து மூட்டு என்னவாகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. மறுபக்கம் இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் ஆறு குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், பாரமான இரண்டு சவாரிக்காரர்கள் ஏறிய ஓட்டம் எல்லாவற்றையும் இடையில் நிறுத்த வேண்டி வந்தது. பெரும்பாலும் குதிரை நொண்டத் தொடங்கியதால். அந்த இருவரில் ஒருவர் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கும் கீழே. அவர்களுக்குச் சேணம் பொருந்தாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆக எடையும் சேணமும் பிரிக்க முடியாதவை.

தெஹிவளை அப்பா

இன்றைக்கு அளந்தோம். நெஞ்சளவு 138, நீளம் 118. கணக்கு 189 கிலோ என்று வருகிறது. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். விலா எலும்பு கண்ணுக்கு இலேசாகத் தெரிகிறது. இனி என்ன?

மிருக வைத்தியர், நுகேகொட

189 கிலோவில் 20 சதவீதம் 38 கிலோகூட இல்லை. 15 சதவீதம் 28 கிலோ.

மகன் 24, சாமான்கள் ஏழரை என்று வைத்தால் 31.5 கிலோ. ஏறக்குறைய 17 சதவீதம். நடையில், கொஞ்ச நேரம், பரவாயில்லை. மகள் 41, சாமான்கள் எட்டு என்றால் 49 கிலோ. அது 26 சதவீதம். கூடாது. மச்சான் சேணம் இல்லாமலே 41 சதவீதம். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

விலா தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். மெலிந்த குதிரைக்கு முதுகுத் தசை குறைவு, சேணம் நேரே எலும்பில் அழுத்தும். தசை பிடிக்கும்வரை மகனையும் ஏற்றாமல் இருந்தால் நல்லது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிறகு கொழுத்து 220 கிலோ ஆனால் மகள் ஏறலாம் என்று கணக்குப் போடக் கூடாது. கொழுப்பு அதற்குத் துணை வராது, அதுவும் காலுக்குச் சுமைதான். அளவான உடம்பில் இருக்கும் எடையை வைத்துத்தான் சதவீதம் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா

பாவம் மகள். பன்னிரண்டு வயதில் உனக்குப் பாரம் கூட என்று கேட்பது எவ்வளவு கஷ்டம். பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். 41 கிலோ அந்த வயதுக்குச் சரியான எடை. குதிரைதான் சின்னது. அப்படியே சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

ஒரு கேள்வி. சேணத்தைக் கழற்றிவிட்டு ஒரு துணி மட்டும் போட்டு ஏறினால் ஆறு கிலோ குறையுமே?

சேணக்காரர், மாலபே

நான் தோல் வேலை செய்பவன், சேணமும் தைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி வரும். எண்ணில் பார்த்தால் குறையும். ஆனால் குதிரையின் முதுகுக்கு அது நன்மை இல்லை. சேணத்துக்குள் மரத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ ஒரு சட்டகம் இருக்கிறது. ஏறியவரின் பாரத்தை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தசை மேல் பரப்பிவிடுவது அதன் வேலை. வெறும் முதுகில் ஏறினால் நம் இடுப்பின் இரண்டு எலும்புகள் குத்துகிற இடத்தில் முழுப் பாரமும் இறங்கும். புத்தகப் பையின் வாரை அகலமாக வைப்பதும் கயிறாக வைப்பதும் போல. அழுத்தத்தை அளந்து பார்த்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். சின்னப் பையன் நாலு அடி நடையில் போவது வேறு. 41 கிலோப் பிள்ளைக்கு இது குறுக்குவழி ஆகாது.

மச்சானிடம் இருக்கிற சேணம் எங்கே வாங்கியது? பெரிய குதிரையின் பழைய சேணத்தைச் சின்னக் குதிரையில் போடுவதை இங்கே நிறையப் பார்க்கிறேன். நீளமான சேணம் கடைசி விலாவையும் தாண்டிப் பின்னால் போய் இடுப்பில் உட்காரும். அங்கே கீழே தாங்க விலாக்கூடு இல்லை. முதுகு குட்டையான மட்டக்குதிரைக்கு ஆளின் பாரத்தைப் போலவே இதுவும் கேடு. ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டிலிருந்து.

லிந்துலைத் தம்பி

நான் மலைநாட்டில் வளர்ந்தவன், இப்போது கொழும்பில் வேலை. நுவரெலியா ஏரிக்கரையில் மட்டக்குதிரை நடத்தினவர்களோடு திரிந்திருக்கிறேன். வைத்தியர் அக்கா சொன்ன கணக்கு அங்கே ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. சித்திரை வசந்த காலத்தில் வரிசை நிற்கும்போது பாரமான ஆளை வேண்டாம் என்று சொன்னால் காசு போகும். அதுதான் விஷயம். மாலையில் சேணத்தைக் கழற்றும்போது முதுகில் கை வைத்தால் தோல் துடித்து அந்தக் குதிரை கீழே குனியும். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது நுவரெலியாக் குதிரை. 1,800 மீட்டருக்கு மேலே குளிரில் இருந்தது. பாதுக்கையின் புழுக்கத்துக்கு வந்து எவ்வளவு நாள் ஆகிறது?

மிருக வைத்தியர், நுகேகொட

தம்பி சொன்னது முக்கியம். குதிரை பெரும்பாலும் வியர்வையால்தான் உடம்பைத் தணிக்கிறது. நம் ஈரக் காற்றில் வியர்வை காயாது, வடிந்து கீழே விழும். உப்பும் தண்ணீரும் போகும், சூடு போகாது. பாரம் கூடினால் தசை உண்டாக்கும் சூடும் கூடும். குளிர்நாட்டில் செய்த ஆய்வின் 20 சதவீதத்தை 31 பாகை வெயிலில் அப்படியே எடுத்துப் போட முடியாது. நான் மேல் கரையோரத்தில் 15 சதவீதத்தைத்தான் எல்லையாகச் சொல்வேன். மகனுக்கு 17 என்று சொன்னது காலை ஏழு மணிக்கு முன்னால், நடையில் மட்டும். புதிய காலநிலைக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது வேலை இல்லாமல் விட வேண்டும். உப்புக் கட்டி, நிழல், எந்நேரமும் தண்ணீர். பயிற்சி முடிந்ததும் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே இருங்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், அது பிழை.

நாடியைப் பார்க்கப் பழகுங்கள். தாடை எலும்பின் உட்புறம் ஓடும் இரத்தக் குழாயில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடலாம். நெடுந்தூரப் போட்டிகளில் 64க்குக் கீழே இறங்காத குதிரையை மேலே போக விடுவதில்லை. பிள்ளையை ஏற்றி நடத்திவிட்டு இறக்கிப் பத்து நிமிடத்தின் பின்னும் 60க்கு மேலே துடித்தால் அன்றைக்கு அதற்குக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தெஹிவளை அப்பா

மச்சானிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் கோபப்பட்டார். "நான் ஏறும்போது அது ஒன்றும் செய்வதில்லையே, நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார். பழக்காவிட்டால் மகன் ஏறும்போது துள்ளினால் யார் பொறுப்பு என்றும் கேட்கிறார். அதற்கு என்ன பதில்?

லிந்துலைத் தம்பி

பாரம் ஏற்றினால்தான் பழகும் என்பது இல்லை ஐயா. நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்திப் பழக்கலாம். இரண்டு நீள வாரைக் கடிவாளத்தில் கட்டிப் பின்னால் நடந்துகொண்டே திருப்ப, நிறுத்தப் பழக்கலாம். சேணத்தைப் போட்டு அங்கவடியைத் தொங்கவிட்டு நடத்தலாம். சின்னக் குதிரைகளை நன்றாகப் பழக்குகிறவர்கள் எல்லாம் தரையில் நின்றே பழக்குகிறார்கள். மச்சானுக்கு ஆர்வம் இருக்கிறது, அதை இதில் போடச் சொல்லுங்கள்.

மிருக வைத்தியர், நுகேகொட

"நன்றாக ஓடுகிறது" என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நடையில் ஏறியவரின் பாரம் ஏறக்குறைய அவர் எடைதான். துள்ளு நடையில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மடங்கு இறங்கும். பாய்ந்து ஓடினால் இரண்டரை, மூன்று மடங்கு. 78 கிலோ ஆள் துள்ளு நடையில் உட்கார்ந்து குலுங்கினால் 189 கிலோ உடம்பின் மேல் 150 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு விநாடியும் இறங்கி ஏறுகிறது. வேகமாக ஓடுவதுகூட வலியிலிருந்து தப்பப் பார்ப்பதாக இருக்கலாம்.

அவர் ஏறியிருக்கும்போது வீடியோ எடுங்கள் என்று கேட்கமாட்டேன், இனி ஏறவே வேண்டாம். மகன் ஏறும்போது பாருங்கள்: காது பின்னால் மடிகிறதா, வாலைச் சுழற்றுகிறதா, வாயைத் திறக்கிறதா, முதுகைக் குழிவாக்கித் தலையை மேலே தூக்குகிறதா, கால் தடுக்குகிறதா, ஏறுமுன் வயிற்று வாரைக் கட்டும்போதே கடிக்க வருகிறதா. ஆள் ஏறியிருக்கும்போது வலியைக் காட்டும் இப்படிப்பட்ட 24 நடத்தைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றைப் பிடிவாதம் என்று சொல்லி அடிப்பதுதான் நம் ஊரில் நடக்கிறது.

பம்பலப்பிட்டி வாசகர்

சட்டம் ஏதும் இல்லையா? கிரீஸில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் கழுதைகளுக்கு 2018இல் விதி போட்டார்களே, 100 கிலோ அல்லது உடம்பு எடையில் ஐந்தில் ஒன்று என்று. இங்கிலாந்துக் கடற்கரைக் கழுதைகளுக்கு 50 கிலோ எல்லை.

மிருக வைத்தியர், நுகேகொட

நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். அதிகபட்சத் தண்டப்பணம் நூறு ரூபா. அதை மாற்றப் புதிய சட்டமூலம் ஒன்று பல வருடமாக இழுபடுகிறது. கிரீஸ் போட்டது போல எண்ணோடு ஒரு விதி வந்தால் ஏரிக்கரையில் குதிரை நடத்துகிற ஏழைக்கும் அது நல்லது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு பலகை கிடைக்கும், பக்கத்துக்காரரும் அதே விதியில் நிற்பார், காசு போகாது. மன்னாரில் கழுதைகளுக்குச் சிகிச்சை நிலையம் வந்த மாதிரி, இதுவும் யாராவது விடாமல் கேட்டால்தான் வரும்.

தெஹிவளை அப்பா

மகளிடம் கதைத்தேன். குதிரை சின்னது என்றுதான் சொன்னேன், அக்கா சொன்னபடி. அழவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அவளுக்கு என்ன கொடுக்கலாம்?

லிந்துலைத் தம்பி

அந்த நீள வார்ப் பயிற்சியை மகளுக்குக் கொடுங்கள். மச்சான் பக்கத்தில் நிற்கட்டும். தம்பி ஏறும்போது கயிற்றைப் பிடித்து நடத்துவது அக்காவின் வேலை. குளம்பைச் சுத்தம் செய்வது, நாடி பார்ப்பது, மாதம் ஒருமுறை நாடா வைத்து எடை எழுதி வைப்பது எல்லாம் அவள் செய்யலாம். நன்றாகப் பழகிய பிறகு ஒரு சின்ன இரண்டு சக்கர வண்டி கட்டலாம். மேடு இல்லாத பாதையில், முதுகில் ஏற்ற முடியாத பாரத்தைச் சக்கரத்தில் இலேசாக இழுக்கும். ஆனால் வண்டிக்குப் பழக்காத குதிரையை அவசரப்பட்டு வண்டியில் பூட்டினால் மிரண்டு ஓடும். தெரிந்த ஆளோடு மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை.

ஏறித்தான் பழக வேண்டும் என்றால் கொழும்பைச் சுற்றிப் பெரிய குதிரை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. 13 ஹேண்டுக்கு மேலே, 330 கிலோவுக்குக் குறையாத குதிரையாகக் கேளுங்கள். உடுப்பு சாமானோடு 49 கிலோ என்றால் அது 15 சதவீதத்துக்குள் வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை அக்கா

எங்கள் பிள்ளைகளை ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகிறோம். அவருக்கும் ஏற ஆசை, 82 கிலோ. அங்கே அளவு நாடா கொண்டு போகவா முடியும்?

லிந்துலைத் தம்பி

நாடா வேண்டாம் அக்கா. குதிரையின் பக்கத்தில் நின்று பாருங்கள். கழுத்தடி மேடு உங்கள் நெஞ்சுக்குக் கீழே இருந்தால் வளர்ந்தவர் யாரும் ஏற வேண்டாம். உங்கள் கணவர் ஏறுவதென்றால் உயரமான பெரிய குதிரை இருந்தால் மட்டும். பிள்ளைகளை ஏற்றுமுன் முதுகைப் பாருங்கள்: சேணத்துக்கு அடியில் வெள்ளை மயிர்த் திட்டு, மயிர் உதிர்ந்த இடம், புண் இருந்தால் அடுத்த குதிரைக்குப் போங்கள். ஒரு குதிரையில் இரண்டு பிள்ளைகளை ஒன்றாக ஏற்றச் சொல்வார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல உடம்போடு குதிரை வைத்திருக்கிறவரைக் கண்டால் அவரிடமே ஏற்றி, கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சேணக்காரர், மாலபே

தெஹிவளை ஐயா, சேணத்தின் படம் இன்னும் வரவில்லை. வயிற்று வாரைக் கட்டாமல், துணி போடாமல் வெறும் முதுகில் வைத்து ஒன்று, பின்பக்கமிருந்து, சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு மேலே ஓடும் நடு வாய்க்கால் தெரிகிற மாதிரி ஒன்று. மகன் ஏறுமுன் அதைப் பார்த்துவிடுவோம்.